பொருள்: ‘ஒறிஜினல் பினிஷ்’ – தமிழில் என்ன எழுதுவது?

கல்லடி, பயிற்சி ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். இசைக்கருவி பழுதுபார்க்கும் வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். மரவேலையும் மின்சுற்றும் முடிந்துவிட்டன. நிற்பது ஒரே ஒரு அதிகாரம்: பழைய மின்கிற்றாரின் ‘ஒறிஜினல் பினிஷை’, அதாவது தொழிற்சாலையில் பூசிய பூச்சை, மீட்பது.

வகுப்பில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. சின்ன உப்போடையில் ஒரு பறங்கியர் குடும்பம் தந்த, ஃபென்டர் கம்பனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிற்றார். கழுத்தின் அடியில் 1966 என்று முத்திரை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது நடுவில் மஞ்சள், சுற்றிச் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. பிறகு யாரோ அதன்மேல் வெள்ளைக் கார்ப் பெயின்ற் அடித்துவிட்டார்கள். முன்தகட்டைக் கழற்றினால் கீழே பழைய நிறம் அப்படியே இருக்கிறது.

கையேடு சொல்வது இரண்டு வேலைகள். மேலே அடித்ததை மட்டும் நீக்கித் தொழிற்சாலையில் பூசியதை வெளியே கொண்டுவருவது ஒன்று. எல்லாவற்றையும் உரித்துவிட்டு அதே மாதிரிப் புதிதாக அடிப்பது மற்றது. எங்களுக்கு வந்த மொழிபெயர்ப்பில் இரண்டுக்குமே ‘மீள்பூச்சு’ என்று இருந்தது. அதை வாசித்த பிள்ளை தின்னர்ப் போத்தலோடு வந்து நின்றது. தின்னர் பட்டிருந்தால் வெள்ளையோடு சேர்ந்து கீழிருந்த கறுப்பும் சிவப்பும் போயிருக்கும். இந்த வேலைக்கு நேரான அலகுத்தகட்டால் மெல்ல மெல்லச் சுரண்டுவதுதான் முறை. ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும், ஒன்றை வாசித்தவர் மற்றதைச் செய்துவிடாதபடி.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகள், நல்ல கேள்வி. யாழ் நூல் எழுதிய சுவாமி விபுலானந்தர் பிறந்த ஊரிலிருந்து பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பத்தர், கோடு, நரம்பு, போர்வை என்று நரம்புக்கருவியின் உறுப்புகளுக்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டுப் பழமையான சொற்கள் இருக்கின்றன. கருவியின் புறத்தை மூடுவது ‘போர்வை’. ‘முதற்போர்வை’ என்று வைத்தால் சங்கத்தோடும் தொடர்பு அறாது. சுவாமி விபுலானந்தர் சென்னையில் கலைச்சொல் குழுவுக்குத் தலைமை வகித்த காலத்திலும் பழஞ்சொல்லைத் தேடிப் பார்க்காமல் புதுச்சொல் செய்வதை விரும்பியிருக்கமாட்டார் என்றே நான் எண்ணுகிறேன்.

களுவாஞ்சிக்குடி:

ஐயா, மன்னிக்கவேண்டும். யாழின் போர்வை தோல். பத்தர் என்ற அடிக்குடத்தின்மேல் இழுத்துக் கட்டி அதிரவைப்பது. கிற்றாரில் அதற்கு ஈடு சொல்வதானால் மரக்கிற்றாரின் முன்பலகையைச் சொல்லலாம், மேலே பூசிய பூச்சைச் சொல்லமுடியாது. ஓர் உறுப்பின் பெயரைப் பூச்சுக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்கு யாழைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது என்ன சொல்வது?

என் முன்மொழிவு ‘அரக்கு’. ‘அர்’ என்ற வேரே சிவப்பைக் குறிப்பது என்பார்கள். அரத்தம், அரக்கு எல்லாம் அந்த வழி என்று சொல்வோர் உண்டு. கிற்றாரின் பூச்சை ‘லேக்கர்’ என்று கிற்றார்க்காரர்கள் வாய்நிறையச் சொல்வதும் இந்தியாவின் அரக்கைத் தேடி வந்தவர்கள் கொண்டுபோன சொல்தான். நம் பொருள் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. நம் பெயரிலேயே அழைப்போம். மூலவரக்கு, புத்தரக்கு. முடிந்தது.

அக்கரைப்பற்று, இரசாயன ஆசிரியர்:

முடியவில்லை. அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின். இந்தக் கிற்றாரில் இருப்பது நைத்திரோசெலுலோசு. பஞ்சின் அல்லது மரக்கூழின் செலுலோசை நைத்திரிக்கமிலமும் சல்பூரிக்கமிலமும் கொண்டு பதப்படுத்தி எடுப்பது. பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது வெறும் பெயர்ச் சண்டை என்று விட்டுவிடவும் முடியாது. தச்சுப் பட்டறையில் ‘அரக்கு’ என்றால் உடனே ஸ்பிரிட்டை எடுப்பார்கள், ஏனென்றால் அரக்கிலிருந்து எடுக்கும் ஷெலாக் ஸ்பிரிட்டில் கரையும். கையேட்டின் வேலையே எது எதில் கரையும் என்று சொல்வதுதான்.

இன்னொன்று. நைத்திரோசெலுலோசு கரைப்பான் ஆவியாகி உலர்வது. ஆகவே எத்தனை வருடம் கழித்துத் தின்னர் பட்டாலும் இளகும், புதுப் படை பழைய படையோடு உருகிச் சேரும். பொலியெசுத்தர் என்ற மற்றப் பூச்சு அப்படியில்லை, மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து இறுகிவிடும். ஃபென்டர் 1960களின் கடைசியில் பொலியெசுத்தருக்கு மாறியது. மறைவான இடத்தில் ஒரு துளி தின்னர் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். சொல் எதுவானாலும் இரண்டுக்கும் பொதுவாக இருக்கவேண்டும். பொருளின் பெயரைப் பூச்சுக்குப் பெயராக வைக்கவேண்டாம்.

தன்னாமுனை, தச்சுத்தொழில்:

எங்கள் ஆட்கள் தலைமுறையாக மரவேலையும் வயலினும் கிற்றாரும் பார்த்தவர்கள். பட்டறையில் சொல்வது ‘தீந்தை’. போத்துக்கேயச் சொல்தான், மறுக்கவில்லை. அலுமாரியும் வாங்கும் அலவாங்கும் அங்கிருந்து வந்தவைதானே. ‘பழைய தீந்தை’, ‘புதுத் தீந்தை’ என்றால் மட்டக்களப்பில் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

களுவாஞ்சிக்குடி:

விளங்குவது மட்டுமே அளவுகோல் என்றால் ‘பினிஷ்’ என்றே எழுதிவிடலாமே. அதுவும் விளங்கும். கலைச்சொல் செய்ய உட்கார்ந்தது எதற்கு?

கல்லடி, பயிற்சி ஆசிரியை:

தீந்தையில் எனக்கு வேறொரு தயக்கம். தீந்தை என்றால் நிறம் உள்ளது. இந்த உடலில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு படையும் இருக்கிறது. சில கருவிகளில் நிறமே கிடையாது, தெளிந்த படை மட்டுந்தான். அதையும் தீந்தை என்பதா?

கல்முனை, தளபாடக் கடை:

ரீச்சர், வாப்பாவின் காலத்திலிருந்து நாங்கள் கதிரை மேசை பொலிஷ் பண்ணுகிறோம். ஒரு சாமான் கைபடாமல் இருந்தால் ‘மெருகு குலையாமல் இருக்கு’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் தேடுவது அதுதானே? நிறம் இருந்தாலும் மெருகு, இல்லாவிட்டாலும் மெருகு. அரக்கானாலும் சரி, அக்கரைப்பற்று சேர் சொல்வதானாலும் சரி. தொழிற்சாலையில் ஏறியது முதல் மெருகு. அதை வெளியே எடுப்பது மெருகு மீட்பு. உரித்து அடிப்பது மறுமெருகு. இரண்டையும் ஒருவரும் மாறி விளங்கமாட்டார்கள்.

விலைக்கும் இது முக்கியம். பழைய கிற்றார் வாங்குகிறவர்கள் மறுமெருகு ஏறியதற்கு முதல் மெருகோடு இருப்பதற்குரிய விலையைத் தருவதில்லை. கீறலும் தேய்வும் இருந்தாலும் பரவாயில்லை, பழையது இருக்கவேண்டும் என்பார்கள்.

அக்கரைப்பற்று, இரசாயன ஆசிரியர்:

கல்முனைக் காக்கா சொன்னதற்கு என் வாக்கு.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மெருகு நல்ல சொல். ஆனால் ‘முதல் மெருகு’ என்று பிரித்து எழுதினால் அது கலைச்சொல்லாகாது, சாதாரணத் தொடர். சேர்த்தால் லகரம் மகரத்தின்முன் னகரமாகும்: முதன்மெருகு. நாள் மலர் நாண்மலர் ஆவதுபோல ளகரமும் ணகரமாகும். ஆகவே அந்த மொழிபெயர்ப்பின் ‘மீள்’ என்பதை மெருகோடு சேர்ப்பதானாலும் மீண்மெருகு என்றே வரவேண்டும்.

கல்லடி, பயிற்சி ஆசிரியை:

ஐயா, முதன்மெருகு என்றால் பிள்ளைகள் முதன்மையான மெருகு என்று எடுப்பார்கள். படை படையாக அடிக்கும் வேலையில் ‘முதன்மையான படை எது’ என்ற கேள்வி உடனே வரும். மீண்மெருகு என்றால் மீன் என்று வாசிப்பார்கள். பிரித்தே எழுத அனுமதி தாருங்கள்.

அப்புறம் இன்னும் இரண்டு சொற்கள் நிற்கின்றன. சூடும் குளிரும் மாறும்போது மரம் ஒரு அளவிலும் மெருகு வேறு அளவிலும் விரிந்து சுருங்குவதால் விழும் மெல்லிய கோடுகள். மற்றது, ஈரக் காற்றில் ஸ்பிறே பண்ணும்போது நீர் படிந்து மெருகு வெள்ளையாகிப் போவது. நம் ஊருக்கு இரண்டாவதுதான் பெரிய தலையிடி. வாவிக்கரையில் வடகீழ்ப் பருவ மழை நேரம் வேகமாக ஆவியாகும் தின்னரைக் கலந்து அடித்தால் கண்ணுக்கு முன்னாலேயே வெளுக்கிறது.

களுவாஞ்சிக்குடி:

முதலாவதற்கு ‘வரிவெடிப்பு’. இரண்டாவதற்கு ‘வெண்பூப்பு’. உப்புப் பூக்கிறது, துருப் பூக்கிறது என்கிறோம் அல்லவா, அதே வினை.

கல்லடி, பயிற்சி ஆசிரியை:

வரிவெடிப்பு சரி. பூப்பு வேண்டாம். வகுப்பில் பதினாறு, பதினேழு வயதுப் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். பூப்பு என்ற சொல்லுக்கு வீட்டில் வேறு பொருள். ‘வெண்பூத்தல்’ என்று தொழிற்பெயராக வைக்கிறேன். மெதுவாக ஆவியாகும் கரைப்பானைச் சேர்த்தால் வெண்பூத்தல் குறையும் என்று எழுதும்போது இயல்பாகவும் இருக்கிறது.

தன்னாமுனை, தச்சுத்தொழில்:

மழை நாளில் அடிக்கவே கூடாது என்றும் எழுதுங்கள். தை கழிந்து வெயில் வந்தபிறகு அடிக்கலாம். நெருப்புக் கிட்ட வைக்கக்கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்; நைத்திரோ பற்றினால் அணைக்க நேரம் தராது.

கல்லடி, பயிற்சி ஆசிரியை:

போடுகிறேன் அண்ணை. முடிவாக: முதல் மெருகு, மெருகு மீட்பு, மறுமெருகு, வரிவெடிப்பு, வெண்பூத்தல். தீந்தை என்ற சொல் நிறமுள்ள படைக்கு மட்டும் வரும். பெரும்பாலானோர் சம்மதித்திருக்கிறார்கள். நாளைக் காலை அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அனுப்புங்கள் மகள். என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள்: கலைச்சொல்லை நடுவில் இடம்விட்டு எழுதுவதை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்பின்போது முதன்மெருகை மீண்டும் கொண்டுவருவேன்.

களுவாஞ்சிக்குடி:

நான் அரக்கையும்.