ஒன்ராறியோவில் கட்டட வேலை செய்யும் தம்பிமாருக்கு: 60 நாட்களை எண்ணுங்கள்

ஒப்பந்தக்காரர் காசு தராமல் இழுத்தடிக்கிறார், வீட்டுக்காரரையோ தெரியாது, என்ன செய்யலாம் என்று கேட்ட தம்பிக்கு.

முதலில் ஒரு திகதியைக் கண்டுபிடியுங்கள்: அந்த வீட்டில் நீங்கள் கடைசியாக வேலை செய்த நாள். உங்கள் காசுக்காக அந்த வீட்டுக் காணியின் மீது ஓர் உரிமையைப் பதிய, அதிலிருந்து 60 நாட்கள்தான் உங்களுக்கு உண்டு. சனி, ஞாயிறும் அதற்குள் அடக்கம். பழைய ஆட்கள் 45 நாள் என்பார்கள். அது 2018 ஜூலைக்கு முந்தைய கணக்கு.

ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டம், வேலை செய்தவருக்கும் பொருள் கொடுத்தவருக்கும் அந்தக் காணியின் மீதே ஒரு பற்றுரிமை தருகிறது. இங்கே அதை லீன் என்பார்கள். வீட்டுக்காரரோடு நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க வேண்டியதில்லை. உங்கள் உழைப்பு அவருடைய சுவரில் இருக்கிறது, அது போதும். காணிப் பதிவில் லீன் ஏறிவிட்டால் வீட்டை விற்பதும் அடமானத்தைப் புதுப்பிப்பதும் சிக்கலாகிவிடும். ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் 10 வீதத்தை வீட்டுக்காரர் பிடித்துவைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தப் பணம். "நான் முழுக்காசும் கொடுத்துவிட்டேனே" என்று அவர் சொன்னாலும் அந்தப் பங்குக்கு அவர் பொறுப்பாளி.

நான் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். மார்க்கம் நகரில் ஒரு வீட்டின் குளியலறைகளுக்கு டைல் பதித்து மார்ச் 3ஆம் திகதி முடித்தேன். ஏப்ரல் 10ஆம் திகதி, ஒரு மூலையில் பூச்சு வெடித்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். அரை வாளி கலவையோடு போய் ஒரு மணி நேரத்தில் சரிசெய்தேன். நாட்கள் அன்றிலிருந்துதான் தொடங்குகின்றன என்று நம்பி, "அடுத்த வெள்ளிக்கிழமை காசோலை" என்ற பேச்சையும் நம்பிக் காத்திருந்தேன். மே 6ஆம் திகதி சட்டத்தரணியின் மேசையில் நாட்காட்டியை விரித்து எண்ணினோம். மே 2ஆம் திகதியே எல்லாம் முடிந்திருந்தது. நம் குறையை நாமே திருத்தப் போவது புதிய வேலையாகாது என்றார். கடன் அழியவில்லை, வழக்குப் போடலாம். ஆனால் வீட்டின் மீதிருந்த பிடி போய்விட்டது. அந்த நாளை நீட்டித்துத் தர நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை.

பதிந்தால் மட்டும் போதாது. அந்த 60 நாள் முடிந்ததிலிருந்து 90 நாட்களுக்குள் வழக்கும் தொடங்கி, அதற்கான சான்றிதழையும் காணியில் பதிய வேண்டும். கோபத்தில் தொகையைக் கூட்டி எழுதாதீர்கள். தெரிந்தே மிகைப்படுத்தினால் நட்டஈடு உங்கள் தலையில் விழும். "லீன் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று வேலைக்கு முன்பே கையெழுத்து வாங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், அந்த வரி செல்லாது. மாநகரசபையின் காணி என்றால் வழி வேறு, பதிவதில்லை, மாநகரசபைக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். வன்கூவர்ப் பக்கம் இருப்பவர்கள் இந்தக் கணக்கை எடுக்க வேண்டாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 45 நாட்கள்தான்.

2019 ஒக்டோபரிலிருந்து இன்னொரு பிடியும் இருக்கிறது. முறையான இன்வாய்ஸ் கிடைத்து 28 நாட்களுக்குள் வீட்டுக்காரர் பணம் கொடுக்க வேண்டும். அது கைக்கு வந்து 7 நாட்களுக்குள் ஒப்பந்தக்காரர் உங்களுக்குத் தர வேண்டும்.

இன்றே வேலை நடந்த முகவரி, ஒப்பந்தக் கடிதம், இன்வாய்ஸ், பொருள் வாங்கிய பற்றுச்சீட்டுகள், கடைசி நாள் எடுத்த படம், எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டுச் சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள். 50ஆவது நாளுக்கு முன்பே போய்விடுங்கள், பதிவுக்கு அவர்களுக்கும் நேரம் வேண்டும்.