சதுரங்கக் கட்டத்து நெல்: 18446744073709551615 இன்னும் எவ்வளவு உடையும்?

நீடாமங்கலத்துக்காரன்:
போன ஞாயிறு மகளைத் திருப்பூவனூர் சதுரங்க வல்லபநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சிவன் சதுரங்கம் ஆடி ஜெயித்த தலம் என்றதும், முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அப்புறம் நாலு என்கிற கதையும் வந்தது, 64 கட்டத்துக்கும் மொத்தம் எத்தனை என்று பிடித்துக்கொண்டாள். செல்போன் கணக்குப்பொறி முழுசாகக் காட்டவில்லை. ராத்திரி கோடு போட்ட நோட்டில் 2, 4, 8 என்று 2^64 வரை இரட்டித்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றைக் கழித்தோம். தலைப்பில் இருக்கும் 20 இலக்க எண் அதுதான். 5-இல் முடிகிறது, இலக்கங்களைக் கூட்டினால் 87, அதனால் 15-ஆல் வகுத்தோம்: 1229782938247303441. இதை 7, 11, 13 போட்டுப் பார்த்தோம், எதிலும் போகவில்லை. இது பகா எண்ணா?

கணக்கு வாத்தியார், கும்பகோணம்:
13-இல் நிறுத்திவிட்டீர்களே தம்பி, அடுத்த 17-இல் போகும்! வகுத்துப் பார்க்காமலே சொல்லலாம். 2^64 ஒரு வர்க்கம், 1-ம் ஒரு வர்க்கம், எட்டாம் வகுப்பு a² − b² தான். (2^32 − 1)(2^32 + 1). முன்னதை அதே மாதிரி உடைத்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537 என்று ஐந்து பகா எண்கள். மிச்சம் 2^32 + 1, அதாவது 4294967297. இதையும் பகா எண் என்றே கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்துவிட்டார். ஆக ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை.

தஞ்சாவூர் மாணவன்:
அண்ணே, 641 போகும் என்பதைப் பெரிய வகுத்தல் இல்லாமலே காட்டலாம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. 641 = 5 × 128 + 1. அதனால் 5 × 2^7-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைக்கலாம். நாலு தடவை பெருக்குங்கள்: 5^4 × 2^28-க்கு மீதி 1. இப்போது 641-ஐ வேறு மாதிரி பாருங்கள், 625 + 16. அப்படியென்றால் 625-க்குப் பதில் −16 போடலாம். −2^4 × 2^28 என்பது −2^32, அதற்கும் மீதி 1. எனவே 2^32 + 1-க்கு மீதியே இல்லை, அவ்வளவுதான்.

கடைமடை விவசாயி:
எனக்கு எடைதான் தோன்றியது. ஆயிரம் நெல் 20 கிராம் என்று வைத்தால் மொத்தம் கிட்டத்தட்ட 36,900 கோடி டன். உலகம் முழுக்க விளைகிற நெல்லே வருஷத்துக்கு 80 கோடி டன் அளவுதான், 460 வருஷ விளைச்சல் அந்தப் பலகைக்கே போய்விடும். அறுபது கிலோ மூட்டையாகப் பிடித்தால் ஆறு லட்சம் கோடி மூட்டைக்கு மேல் வருகிறது தம்பி, களத்தில் அடுக்க இடம் ஏது?

நீடாமங்கலத்துக்காரன்:
ஐயா, 17 போட்டோம், 72340172838076673. பாப்பா விடவில்லை, 257-உம் போட்டாள். மீதி இல்லாமல் 281479271743489 வந்தது. நாளைக்கு 65537 போடுகிறாளாம்.