நீட் ரிப்பீட்டர் வருடத்தில் ட்யூஷன் எடுக்கலாமா?

கரிசல்காட்டுக்காரி:
என் தங்கை நீட் தேர்வை இரண்டாவது முறை எழுதத் தயாராகிறாள். வீடு கோவில்பட்டிப் பக்கம். கோச்சிங் சென்டருக்குக் கட்ட வசதியில்லை, வீட்டில் இருந்தபடியே படிக்கிறாள். போன முறை உயிரியல் கைகொடுத்தது, இயற்பியல் காலை வாரிவிட்டது. இப்போது தெருவில் உள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் அறிவியல் சொல்லித்தரக் கேட்கிறார்கள். அவளுக்கும் ஆசைதான். அப்பா, "இந்த ஒரு வருஷம் படிப்பைத் தவிர எதுவும் வேண்டாம்" என்கிறார். டாக்டராக நினைக்கிற பிள்ளைக்கு ட்யூஷன் எடுத்த அனுபவம் எதற்காவது உதவுமா?

இயற்பியல் வாத்தியார்:
அப்பா சொல்வதுதான் சரி. பல வருடமாக நீட் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். நம் நாட்டில் எம்பிபிஎஸ் சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு கிடையாது, கட்டுரை கிடையாது. நீட் மதிப்பெண், இட ஒதுக்கீடு, கலந்தாய்வு, அவ்வளவுதான். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாலும் தரவரிசையில் ஓர் இடம்கூட மேலே போக முடியாது.

தேர்வோ 180 கேள்வி, 180 நிமிடம். தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். சொல்லித்தருவது நிதானமான வேலை. ஒரு கணக்கைப் பத்து நிமிடம் விளக்கிப் பழகுகிறவர் அதை ஒரே நிமிடத்தில் முடிக்கப் பழகுவது எப்போது? இரண்டு மணி நேர ட்யூஷன் என்பார்கள். பிள்ளைகள் வந்து போக, நோட்டுத் திருத்த, பெற்றோரிடம் பேச என்று அது மூன்று மணி நேரமாகிவிடும்.

மூன்றாம் வருட மாணவி:
சார், இதை நான் ஏற்கமாட்டேன். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தவள் நான். ரிப்பீட்டர் வருடத்தில் ட்யூஷன் எடுத்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "அக்கா, அப்பாவுக்கு நிறக்குருடு இருந்தால் மகனுக்கு வருமா?" என்று கேட்டான். அப்பாவிடமிருந்து வராது. அது பலமுறை டிக் அடித்த விடைதான். அவன் விடவில்லை, ஏன் என்றான். கட்டம் போட்டேன். குறைபாடு எக்ஸ் குரோமோசோமில், அப்பா மகனுக்குக் கொடுப்பதோ ஒய். மகனுக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து. "அப்போ அந்த வீட்டுப் பொண்ணோட பையனுக்கு?" என்றான். இன்னொரு தலைமுறை வரைந்தேன். அவள் குறைபாடு வெளியே தெரியாமல் அதைச் சுமந்து கடத்துபவள், அவள் மகனுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதன்பிறகு வம்சாவளிக் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் எனக்குத் தடுமாற்றம் வந்ததில்லை.

புத்தகத்தை எத்தனை தடவை வாசித்தாலும் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். உண்மையில் தெரியுமா என்பதை எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம்தான் காட்டும்.

இயற்பியல் வாத்தியார்:
தங்கச்சி, நீங்கள் நடத்தியது பன்னிரண்டாம் வகுப்பு, அதுவும் உயிரியல். இந்தப் பெண்ணுக்கு வந்திருப்பது பத்தாம் வகுப்பு. எனக்குள்ள பெரிய கவலை இன்னொன்று. ட்யூஷன் எடுக்கும் பிள்ளைகள் தங்களுக்கு நன்றாக வருகிற பாடத்தைத்தான் விரும்பி நடத்துகிறார்கள். இவளுக்கு அது உயிரியல். 720-ல் உயிரியல் 360, இயற்பியல் 180. உயிரியலில் ஏற்கெனவே நன்றாக வாங்கியவள் ஏறவேண்டியது இயற்பியலில்தான். பயப்படும் பாடத்தைத் தள்ளிப்போட ட்யூஷனைவிட வசதியான சாக்கு கிடையாது. நாள் முழுக்க உழைத்த மாதிரியும் இருக்கும், பிள்ளைகள் 'மிஸ்' என்று கூப்பிடும் சந்தோஷமும் இருக்கும், இயற்பியல் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

திண்டுக்கல் அம்மா:
எல்லோரும் மதிப்பெண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகன் மாதிரித் தேர்வுகளுக்குக் கட்டியதும், புத்தகம் வாங்கியதும் ட்யூஷன் காசில்தான். சொந்தக்காரர்கள் "பையன் வீட்டுல சும்மாவா இருக்கான்?" என்று கேட்பதும் நின்றது. அதைவிட முக்கியம், அந்த வருடம் அவன் மனிதர்களோடு பேசியது அந்தச் சாயங்காலங்களில் மட்டும்தான். கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். ஒரு அறைக்குள் தனியாகக் கிடக்கும் பிள்ளையின் மனசையும் பாருங்கள். அவன் இப்போது பல் மருத்துவம் படிக்கிறான்.

மிச்சிகன் தமிழன்:
ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன். மருத்துவம் படிக்க ட்யூஷன் அனுபவம் பெரிய பலம் என்று யூடியூபில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கக் கதை. இங்கே பட்டப்படிப்புக்குப் பிறகுதான் மருத்துவம். விண்ணப்பத்தில் 15 அனுபவங்கள் வரை எழுதலாம், அவற்றில் 3 வரை மிக முக்கியமானவை என்று குறிக்கலாம். கற்பித்தலுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. நேர்காணலிலும் அதைப் பற்றிக் கேட்பார்கள். அதை நம்பி இந்தியாவில் யாரும் திட்டம் போட வேண்டாம்.

இயற்பியல் வாத்தியார்:
இதைத்தான் சொல்கிறேன். நோயாளியிடம் பேசும் பண்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2019-ல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் அதற்கென்றே ஏட்காம் (AETCOM) என்று மனப்பான்மை, நெறிமுறை, தகவல்தொடர்பு சொல்லித்தரும் வகுப்புகள் இருக்கின்றன. உள்ளே போன பிறகு கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாம் வருட மாணவி:
அந்த வகுப்பில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன், வகுப்பு வேறு, வார்டு வேறு. ஒரு பாட்டிக்கு, இன்சுலின் போட்டு அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று விளக்கினார்கள். நன்றாகத் தலையாட்டினார். "எங்க, திருப்பிச் சொல்லுங்க பாட்டி" என்றேன். "சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சு ஊசி" என்றார். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை என்பது எனக்கு ட்யூஷன் பிள்ளைகளிடம் கிடைத்த பாடம்.

அப்புறம், பத்தாம் வகுப்பு என்று ஒதுக்காதீர்கள் சார். இயக்க விதிகள், ஒளியியல், மின்னோட்டவியல் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. லென்ஸ் கணக்கில் பொருளின் தூரத்துக்கு ஏன் மைனஸ் போடுகிறோம் என்று ஒரு பிள்ளைக்குப் புரியவைத்தவள் நீட்டில் அந்தக் குறியைத் தப்பாகப் போடமாட்டாள்.

இயற்பியல் வாத்தியார்:
லென்ஸ் குறி விஷயம் உண்மை, அதில் நிறையப் பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். ஆனால் சுழல் இயக்கம், மின்காந்தத் தூண்டல் கணக்குகளுக்குப் பத்தாம் வகுப்புப் புத்தகம் போதாது. அதோடு, நாட்காட்டியைப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில் வரும். நீட் மே தொடக்கத்தில். அவள் முழுமூச்சாகத் திருப்பிப் படிக்கவேண்டிய அதே வாரங்களில்தான் பெற்றோர்கள் "இன்னும் ஒரு மணி நேரம் கூட எடும்மா" என்பார்கள். நல்ல மனசுள்ள பெண்ணால் அந்தப் பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டு வர முடியுமா?

கரிசல்காட்டுக்காரி:
மார்ச் கணக்கு எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தங்கையிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு மட்டும், இயற்பியல் மட்டும், வாரத்தில் இரண்டு நாள் சொல்லித்தரட்டுமா என்கிறாள். காசு வாங்க முடியாது, அவர்களும் எங்களைப் போலத்தான்.

இயற்பியல் வாத்தியார்:
பதினொன்றாம் வகுப்பு என்றால் பாதி நீட் பாடம் அதிலேயே வந்துவிடும். அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். சுழல் இயக்கத்தில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். நடத்திய அன்று இரவே அதே பாடத்தில் 45 கேள்விகளை, கடிகாரம் வைத்து 45 நிமிடத்தில் போடட்டும். இரண்டு மாதிரித் தேர்வுகளில் இயற்பியல் ஏறவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாம் வருட மாணவி:
இரண்டு மாதிரித் தேர்வு போதாது சார், குறைந்தது நாலு பாருங்கள். ஒரு பாடம் முழுதாகப் படிய நேரம் எடுக்கும்.

திண்டுக்கல் அம்மா:
நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாதிரித் தேர்வுக்கும் புத்தகத்துக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று யாரும் சொல்லவில்லையே. என் மகனுக்கு அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டால் வேறு வழி இருக்கவில்லை.