யூரிக் அமிலம் 8.2: கீரை, பருப்பையும் நிறுத்தணுமா?

கேள்வி: மதுரையில ஞாயிறுன்னா குடல் குழம்பு, ஈரல் வறுவல். 45 வயது ஆணுக்குக் கால் பெருவிரல் மூட்டு ராத்திரியில சிவந்து வீங்குது. ரத்தத்துல யூரிக் அமிலம் 8.2 mg/dL. கீரை, பருப்பு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றாங்க. சரியா?

பதில் 1: நிறுத்த வேண்டாம்ங்க. கீரை, பருப்பில் உள்ள பியூரின் (உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) கௌட்டை, அதாவது யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கத்தை, கூட்டுவதில்லை. விட வேண்டியது ஈரல், குடல், சுவரொட்டி. மத்தி, நெத்திலியைக் குறைக்கணும். முதல்ல பீரை நிறுத்துங்க. அதில் பியூரினும் உண்டு. ஆல்கஹால் யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறுவதையும் தடுக்கும்.

பதில் 2: கறியையே எல்லாரும் குறை சொல்றாங்க, சர்க்கரையை மறந்துடுறாங்க. ஜிகர்தண்டா, பாட்டில் குளிர்பானத்துச் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். கல்லீரல் அதை உடைக்கும்போதே யூரிக் அமிலம் உருவாகும். சித்திரை வெயிலில் தண்ணீர் குறைஞ்சா இன்னும் மோசம். தொப்பையைக் குறைக்கணும், ஆனா பட்டினி கிடந்து வேண்டாம். பட்டினியே வலியைக் கிளப்பும்.

பதில் 3: யூரிக் அமிலம் 6.8-க்கு மேல் போனால் மூட்டில் அதன் படிகம் படியலாம். பத்தியம் மட்டும் இருந்தா சுமார் 1 புள்ளிதான் இறங்கும், அதனால அடிக்கடி வலி வந்தா மாத்திரை தேவைப்படும். இலக்கு 6-க்குக் கீழ். வலி போச்சுன்னு நடுவில் நிறுத்துறதுதான் பெரிய தப்பு. வீக்கம் இருக்கும்போது ரத்த அளவு இயல்பாகக்கூடக் காட்டலாம். 2 வாரம் கழிச்சு மறுபடி பாருங்க. பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிட்டா டாக்டரிடம் சொல்லுங்க, அதுவும் அளவை ஏத்தும். காய்ச்சலோட மூட்டு வீங்கினா கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே போங்க.