‘சொந்தபந்தம்’ குழு: ஸ்கார்பியோ மைலேஜ் இறங்கிப்போச்சு

நான், காலை 6:52
எல்லாருக்கும் வணக்கம். ஸ்கார்பியோ மைலேஜ் ரொம்ப இறங்கிடுச்சு. 2011 எம்ஹாக் 2.2 டீசல், டூ வீல் டிரைவ், 1,68,000 கி.மீ. ஓடியிருக்கு. முன்னாடி லிட்டருக்கு 12 கி.மீ. குடுத்துச்சு, இப்ப 9 தாண்ட மாட்டேங்குது. ஒர்க்‌ஷாப்ல சிலிண்டருக்குள்ள டீசலைத் தெளிக்கிற நாலு இன்ஜெக்டரையும் மாத்தணுங்கிறாங்க. மாத்திடலாமா?

ஓசூர் அண்ணன், காலை 6:58
அவசரப்படாதப்பா. இன்ஜெக்டர் கடைசியில பாக்க வேண்டியது. காசு செலவில்லாம பாக்க வேண்டியது முன்னாடி நிறைய கிடக்கு.

கோவை அக்கா, காலை 7:03
தம்பி, அந்த 9 எப்படிக் கணக்குப் போட்டது? ஆயிரம் ரூபாய்க்கு அடிச்சு, முள்ளு இறங்குற வரைக்கும் ஓட்டிப் பார்த்ததுன்னா அதை நம்பாதே. டேங்க் ஃபுல் பண்ணு. நாசில் தானா கட் ஆனதும் நிறுத்தச் சொல்லு, கழுத்து வரைக்கும் ஊத்த விடாதே. ட்ரிப் மீட்டரைச் சைபர் பண்ணிட்டு 300 கி.மீ.க்கு மேல ஓட்டு. திரும்ப அதே பங்க், அதே பம்ப், முதல் கட்ல நிறுத்து. ஓடின கி.மீ.யை ரெண்டாவது தடவை போன லிட்டரால வகு. இப்படி ரெண்டு மூணு டேங்க் எடுத்துச் சராசரி பாரு. ஒரு தடவை நுரை வந்து சீக்கிரம் கட் ஆனாலே ரெண்டு லிட்டர் வித்தியாசம் வந்துடும்.

நான், காலை 7:06
டேங்க் ஃபுல் கணக்குதான்க்கா. மூணு தடவையும் 9 பக்கத்துலதான்.

கோவை அக்கா, காலை 7:08
சரி. டயர் மாத்தினியா?

நான், காலை 7:09
ஆமா. கதவுத் தூண் ஸ்டிக்கர்ல 235/70 ஆர்16னு இருக்கு. இப்ப கிடக்கிறது 245/75 ஆர்16.

கோவை அக்கா, காலை 7:15
அதுலயே ஒரு பங்கு வந்துடுச்சு பாரு. பழைய டயர் உயரம் 735 மி.மீ., புதுசு 774. அஞ்சு சதவீதம் பெருசு. சக்கரம் ஒரு சுத்துல கூடுதல் தூரம் போகுது, ஆனா மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105 ஓடியிருக்கு. அதனால உன் 9 நிஜத்துல 9.5 கிட்ட. மீதி இரண்டரைதான் உண்மையா காணாமப் போனது. பெரிய டயர் கனமும் கூட, கிளப்புறப்ப இன்ஜினுக்குச் சுமை. அடுத்த தடவை மாத்துறப்ப பழைய அளவுக்கே போயிடு.

சேலம் மாமா, காலை 7:31
மாப்ளே, காத்து எப்பப் பாத்த? காலையில வண்டி சூடாகுறதுக்கு முன்னாடி பாக்கணும், ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவு. ஓடி வந்த டயர்ல நாலஞ்சு பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதைப் பாத்துட்டு இறக்கி விட்டா, ஆறினப்புறம் குறைஞ்சு நிக்கும்.

இன்னொண்ணு, பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுதான்னு பாரு. இத்தனை வருஷ வண்டியில இதை யாரும் பாக்குறதே இல்ல. 15 கி.மீ. ஓட்டு, கடைசி ஒரு கி.மீ. பிரேக் மிதிக்காம வேகம் தானாக் குறைய விட்டு நிறுத்து. நாலு ரிம்மையும் தொட்டுப் பாரு. டிஸ்க்கைத் தொட்டுடாதே, தோல் வெந்துடும். இடது வலது ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணு மட்டும் சுட்டா அங்கதான் பிரேக் பிடிக்குது.

நான், காலை 7:40
அப்படி இருந்தா என்ன பண்ணணும் மாமா?

சேலம் மாமா, காலை 7:52
ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வச்சு, சக்கரத்தைக் கையால சுத்து. இறுக்கமா இருந்தா அந்தக் காலிப்பர்ல, அதான் டிஸ்க்கைக் கவ்வுற பாகத்துல, காத்து எடுக்குற பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்து. உடனே சக்கரம் லேசாச்சுன்னா பிரஷர் உள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்பக்கம் வீங்கி, ஆயிலைத் திரும்ப விடாது. தளர்த்தியும் இறுக்கமாவே இருந்தா காலிப்பர் வழுக்கி நகர்ற கம்பியோ (பின்), பிஸ்டனோ துரு பிடிச்சிருக்கு.

பின்னைக் கழட்டித் துடைச்சு, நைஸ் எமரியில லேசா தேய்ச்சு, பிரேக்குக்குன்னு வர்ற சிலிக்கான் கிரீஸ் போடணும். சாதாரண சேஸிஸ் கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிப்போய் முன்னைவிட மோசமாப் பிடிக்கும். கிழிஞ்ச ரப்பர் உறையையும் (பூட்) மாத்திடு, தண்ணி போறது அது வழியாத்தான். நிப்பிளைத் திறந்தா பிரேக் லைன்ல புகுந்த காத்தை எடுத்துட்டுத்தான் வண்டியை வெளிய எடுக்கணும். பின்பக்கம் டிரம், அங்க ஹேண்ட்பிரேக் கேபிள் இறுக்கமா இருக்கான்னு பாரு.

ஓசூர் அண்ணன், காலை 8:10
மேடு ஏறுறப்ப கரும்புகை வருதா? இழுவை எப்படி?

நான், காலை 8:12
தொப்பூர் மேட்டுல கொஞ்சம் கருப்பாத் தள்ளுது. ‘ஸ்ஸ்’னு ஒரு சத்தமும் கேக்குது.

ஓசூர் அண்ணன், காலை 8:24
அப்ப டர்போ இன்ஜினுக்கு அமுக்கித் தள்ளுற காத்து எங்கேயோ லீக். அந்தக் காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போற, வர்ற ரெண்டு பெரிய ஹோஸையும் நல்லாத் துடை. ரெண்டு நாள் ஓட்டிட்டுப் பாரு. கிளாம்ப் ஓரத்துல புதுசா எண்ணெய் ஈரம் இருந்தா அங்கதான் லீக். ஹோஸோட அடிப்பக்கத்தை இன்ஜின் ஆறினப்புறம் விரலால அமுக்கிப் பாரு, வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பக்கம்தான். மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வந்த காத்தை அளந்துட்டு அதுக்கேத்த டீசல் போடச் சொல்லும். அந்தக் காத்துல பாதி வழியில வெளிய போயிட்டா டீசல் எரியாம புகையாத்தானே வரும். ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலும் இதே கதைதான், அதையும் பாத்துடு.

டர்போ பக்கம் போற மெல்லிய வாக்குவம் டியூபும் காஞ்சு வெடிச்சிருக்கும். ஒருத்தர் ஸ்டார்ட் பண்ண, இன்னொருத்தர் டர்போவை அசைக்கிற ஆக்சுவேட்டர் கம்பியைப் பாருங்க. ஸ்டார்ட் பண்ணினதும் இழுக்கணும், நிறுத்தினா விடணும். அசையலேன்னா முதல்ல டியூப், அப்புறம்தான் டர்போ. கோளாறு கோடு படிக்கிற ஸ்கேனர்ல பி0299 வந்தா டர்போக் காத்து (பூஸ்ட்) பத்தலைன்னு அர்த்தம்.

காந்தி நகர் அத்தை, காலை 8:30
மைலேஜ் கூட்டுற மருந்துன்னு பங்க்ல வச்சிருக்காங்களே, அதை ஊத்தினா சரியாப் போகாதா?

ஓசூர் அண்ணன், காலை 8:33
வேண்டாம் அத்தை. ஹோஸ் கிழிசலையும் பிரேக் துருவையும் எந்த மருந்தும் சரி பண்ணாது. அந்தக் காசுக்கு டீசல் ஃபில்டர் மாத்தலாம்.

நான், காலை 8:36
அண்ணே, டெம்பரேச்சர் முள்ளு நடுவுக்கு வர்றதே இல்ல. நல்லதுதானே, சூடாகலேன்னு விட்டுட்டேன்.

ஓசூர் அண்ணன், காலை 8:49
இதை முதல்லயே சொல்லியிருக்கணும்! அது நல்லதே இல்ல. இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாத வால்வுதான் தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே மாட்டிக்கிட்டு நிக்குது, இல்லேன்னா எப்பவோ யாரோ கழட்டி எறிஞ்சிருக்காங்க. ‘நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு’ன்னு கழட்டுற மெக்கானிக் இன்னும் இருக்காங்க. தெர்மோஸ்டாட் இல்லாட்டி தண்ணி எந்நேரமும் ரேடியேட்டர் வழியாவே சுத்தும். நெடுஞ்சாலைக் காத்துல இன்ஜின் ஆறிக்கிட்டே இருக்கும். குளிர்ந்த இன்ஜின்னு நினைச்சு இசியு (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) டீசலைக் கூட்டும், ஆயில் கெட்டியாவே இருந்து உராய்வு கூடும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும்.

நாளைக் காலையில வண்டி சில்லுன்னு இருக்கிறப்ப ஸ்டார்ட் பண்ணு. ரேடியேட்டர் மேல் ஹோஸ்ல கை வை, ஃபேன் பக்கம் கை போகாம. பல நிமிஷம் அது ஆறியே இருந்து, அப்புறம் திடீர்னு சுடணும். ஆரம்பத்துலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா வெதுவெதுப்பு ஏறினா தெர்மோஸ்டாட் போச்சு. ஸ்கேனர்ல பி0128 வரும். லைவ் டேட்டாவில கூலன்ட் சூடு ஓட்டத்துல 80 டிகிரிக்கு மேல நிக்கணும், 65, 70ன்னு தொங்கக் கூடாது.

கோவை அக்கா, காலை 9:02
மேல கேரியர் இன்னும் இருக்கா? தேவையில்லாத நாள்ல இறக்கி வை. 80ல போறதும் 100ல போறதும் ஒண்ணில்ல தம்பி, காத்து எதிர்ப்பு ஒண்ணரை மடங்குக்கு மேல கூடும். பெட்டி மாதிரி இருக்கிற வண்டிக்கு அது ரொம்ப உறைக்கும்.

சேலம் மாமா, காலை 9:10
தொப்பூர் இறக்கத்துல டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறியா? விடவே கூடாது. கியர்ல இருந்து ஆக்சிலேட்டரை எடுத்தா இசியு டீசலையே நிறுத்திடும். நியூட்ரல்ல ஐடில் ஓட டீசல் போய்க்கிட்டே இருக்கும். மிச்சமும் இல்ல, பிரேக்கும் சூடேறி பிடிக்காமப் போகும். அந்தக் கணவாய்ல எத்தனை விபத்து நடக்குதுன்னு உனக்கே தெரியும்.

நான், காலை 9:14
இனிமே விட மாட்டேன் மாமா. இன்ஜெக்டருக்கு என்ன சொல்றது?

ஓசூர் அண்ணன், காலை 9:26
ரிட்டர்ன் டெஸ்ட் எடுக்கச் சொல்லு, இன்ஜெக்டர் தெளிக்காம திருப்பி விடுற டீசலை அளக்குறது. நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் டியூபையும் ஒரே அளவு நாலு பாட்டில்ல விட்டு, ஐடில்ல மூணு நிமிஷம். மூணு ஒரே மட்டத்துல இருந்து ஒண்ணு மட்டும் ரெண்டு மடங்கு வந்தா அந்த ஒண்ணுதான் கெட்டது. நாலையும் மாத்தணும்னா அந்த நாலு பாட்டிலை உனக்குக் காட்டட்டும். நீயே இன்ஜெக்டருக்கு டீசல் போற ரயில் பைப் பக்கம் ஸ்பேனர் வச்சுடாதே. ஓடுற இன்ஜின்ல அங்க பிரஷர் ஆயிரம் பாருக்கு மேலயும் போகும், டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும்.

ஈஜிஆரை, அதான் புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற வால்வை, அடைச்சிடலாம்னு சொன்னா ஒத்துக்காதே. கரி பிடிச்சிருந்தா கழட்டிச் சுத்தம் பண்ணினாப் போதும். அடைச்சு ஓட்டினா நச்சு வாயு கூடி ஊருக்குத்தான் கேடு.

நான், மறுநாள் காலை 6:35
அண்ணே, ஸ்டார்ட் பண்ணின மூணாவது நிமிஷமே மேல் ஹோஸ் வெதுவெதுப்பு. முன் இடது ரிம்மும் நேத்து சாயங்காலம் மத்ததைவிட நல்லா சுட்டுச்சு.

ஓசூர் அண்ணன், காலை 6:41
ரெண்டும் ஒரே நாள்ல முடியும். தெர்மோஸ்டாட், அதோட கேஸ்கெட், கூலன்ட் மூணையும் வாங்கி வச்சுட்டு அப்புறம் திறக்கச் சொல்லு. கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. போர் தண்ணி வேண்டாம், உப்பு படிஞ்சு ரேடியேட்டர் அடைச்சிடும். ஊத்தினப்புறம் ஹீட்டரைத் திறந்து வச்சு ஓடவிட்டு, காத்துக் குமிழ் நிக்கிற வரைக்கும் நிரப்பணும்.

சேலம் மாமா, காலை 6:44
அந்த இடது காலிப்பரைக் கழட்டுறப்ப வலதுலயும் பின்னை எடுத்துப் பாத்துடச் சொல்லு மாப்ளே. பேடு மாத்துறதா இருந்தா ரெண்டு பக்கமும் சேத்து மாத்து, ஒரு பக்கம் மட்டும் புதுசாப் போட்டா பிரேக் மிதிக்கிறப்ப வண்டி ஓரமா இழுக்கும்.