பள்ளிப் படிவத்தில் "இனம்" என்று ஒரு கட்டம்: உங்களை எதில் போட்டார்கள்?

கோவில்பட்டிக்காரி

அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில் கொலம்பஸுக்குக் குடிவந்திருக்கிறோம். பையனைக் கிண்டர்கார்டனில் சேர்க்க ஆன்லைன் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஏற்றியாயிற்று. அப்புறம் இரண்டு கேள்வி வந்தது. பிள்ளை ஹிஸ்பானிக்கா, இல்லையா என்பது முதல் கேள்வி. அடுத்தது இனம்: வெள்ளையர், கறுப்பர், ஆசியர், அமெரிக்கப் பழங்குடி, ஹவாய் - பசிபிக் தீவினர். ஒன்றுக்கு மேலும் டிக் செய்யலாமாம்.

ஆசியர் என்று போட்டுவிட்டேன். ஆனாலும் உறுத்துகிறது. எதிர் வீட்டுக் கொரியப் பெண்ணும் ஆசியர், நானும் ஆசியர். எங்களுக்குள் பொதுவாக இருப்பது சோற்றுப் பானை ஒன்றுதான். மாடி வீட்டு ஈரான்காரர் மூக்கும் முழியும் எங்கள் சித்தப்பாவை அப்படியே உரித்துவைத்தவர். அவர் இத்தனை வருடமாக "வெள்ளையர்" என்றுதான் டிக் செய்கிறாராம். எகிப்திலிருந்து வந்த பல் டாக்டர் என்னைவிட ஒரு சுற்று கறுப்பு. அவரும் வெள்ளையர்தான். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஊரில் இருந்தவரை யாரும் என்னிடம் இனம் கேட்டதில்லை. சாதி கேட்டிருக்கிறார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் "உங்களுக்கு எந்தப் பக்கம்? சைவமா?" என்று சுற்றி வளைப்பார்கள். தாலுகா ஆபீஸில் சான்றிதழுக்கு நேராகவே கேட்பார்கள். அதெல்லாம் எதற்கு என்று நமக்குத் தெரியும். இங்கே எதற்கு என்றுதான் புரியவில்லை.

கிளினிக்கில் இன்னொரு கூத்து. பாலியல் ஈர்ப்பு என்ன என்று ஒரு கட்டம்: எதிர்பாலா, தன்பாலா, இருபாலா, சொல்ல விருப்பமில்லையா. என் மாமியாருக்கும் அதே படிவம். அவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டியவள் நான்.

மற்ற நாடுகளில் இருந்தவர்கள் சொல்லுங்களேன். அங்கே உங்களை எந்தக் கட்டத்தில் போட்டார்கள்? போட்டது யார்?

எடிசன் ராகவன்

முதலில் நடைமுறை விஷயம். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பெற்றோர் எழுதாவிட்டால் பள்ளியில் யாராவது பிள்ளையின் முகத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள். கல்வித் துறையின் விதியே அப்படித்தான்.

நான் 1979ல் நியூஜெர்சிக்கு வந்தவன். அடுத்த வருடமே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. "ஏசியன் இண்டியன்" என்று தனிக் கட்டம் முதன்முதலாக அச்சான படிவம் அதுதான். 1970 கணக்கெடுப்பில் நம்மவர்கள் எல்லாரும் வெள்ளையர்! நம்பமுடியாதுதான், ஆனால் அதுதான் நடந்தது. 1930லும் 1940லும் இந்தியர்களுக்கென்று இருந்த இனத்தின் பெயர் "ஹிந்து". சீக்கியரும் முஸ்லிமும் அதே கட்டத்துக்குள்.

பகத் சிங் திண்ட் என்ற சீக்கியரின் வழக்கைத் தேடிப் படியுங்கள். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தவர் குடியுரிமை பெற, வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியினராகவோ இருக்கவேண்டும். 1922 நவம்பரில் ஓசாவா என்ற ஜப்பானியர் கேட்டபோது, வெள்ளையர் என்றால் காக்கேசிய இனம், நீ அதில் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். மூன்றே மாதத்தில் திண்ட் போய் நின்றார். அந்தக்கால இன நூல்களின்படி நான் காக்கேசியன், ஆகவே வெள்ளையன் என்றார். 1923 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், நூலில் என்ன இருந்தால் என்ன, சாதாரண மனிதன் உன்னை வெள்ளையன் என்று சொல்லமாட்டான் என்று கையை விரித்துவிட்டது. முதலாமவருக்கு விஞ்ஞானம், இரண்டாமவருக்குத் தெருப்பேச்சு. நமக்குச் சட்டம் மாற 1946 ஆயிற்று.

"ஆசியர்" கட்டத்துக்குள் நாம் வந்தது 1970களில் நம்மவர்களே கேட்டு வாங்கியது. வெள்ளையர் கணக்கில் இருந்தால் சிறுபான்மையினருக்கான சலுகை எதுவும் கிடைக்காது. "எதற்கு வம்பு, கறுப்பர்களுக்குச் சேரவேண்டியதில் நாம் பங்கு கேட்பதா" என்று எதிர்த்த இந்தியர்களும் இருந்தார்கள்.

உங்கள் ஈரான்காரருக்கு ஒரு சேதி. 2024 மார்ச்சில் விதியை மாற்றிவிட்டார்கள். மத்தியக் கிழக்கு - வட ஆப்பிரிக்காவுக்குத் தனிக் கட்டம் உண்டு. ஹிஸ்பானிக் கேள்வியையும் இனக் கேள்வியோடு சேர்த்தாயிற்று. பள்ளிப் படிவத்துக்கு அது வந்துசேர வருடங்கள் ஆகும்.

கோத்தகிரி செல்வம்

ஊரில் யாரும் இனம் கேட்டதில்லை என்கிறீர்கள் அக்கா. கொடுத்துவைத்தவர் நீங்கள்.

நான் பிறந்தது இலங்கையில் ஹட்டனில், தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில். இலங்கைக் கணக்கெடுப்பில் தமிழர் இரண்டு இனம்: இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர். 1911லிருந்தே இந்தப் பிரிவு உண்டு. என் அப்பா பிறந்தது அங்கே, தாத்தா கொழுந்து பறித்ததும் அங்கே. ஆனாலும் நாங்கள் இந்தியத் தமிழர். 1948ல் வந்த குடியுரிமைச் சட்டம் அப்பன் பாட்டன் பிறப்புக்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் யார் பிறப்புப் பதிந்தார்கள்? ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனோம். 1964ல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதிப் பேருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

எங்கள் குடும்பம் இந்தியப் பங்கு. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துசேர்ந்தோம். இங்கே வந்தால் எங்கள் பெயர் "சிலோன்காரன்". இந்தியன் என்று சொல்லித்தான் அங்கிருந்து அனுப்பினார்கள்! ரேஷன் கடையில் இன்றைக்கும் என் அம்மா "சிலோன்கார ஆயா"தான்.

இன்னொன்றும் பாருங்கள். கீழக்கரையில் தமிழ் பேசும் முஸ்லிமைத் தமிழர் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் வராது. காத்தான்குடியில் அதே தமிழ் பேசும் முஸ்லிம், இலங்கைக் கணக்கில் "சோனகர்". தமிழர் வேறு, சோனகர் வேறு. அவர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அதில் நாம் மூக்கை நுழைக்க ஒன்றுமில்லை.

காரைக்குடி சுதைவேலை

நான் கோயில் கட்டும் ஆள். கோபுரத்துக்குச் சுதை பொம்மை செய்வேன். ரீயூனியன் தீவில் வேலை செய்திருக்கிறேன், அப்புறம் மொரீஷியஸில். விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, பக்கத்துப் பக்கத்துத் தீவு. ஆனால் ஆளைக் கணக்கெடுப்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ரீயூனியன் பிரான்ஸ் நாட்டுக்குள் ஒரு மாவட்டம் மாதிரி. காசு யூரோ. 1848ல் அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டத்துக்கு நம் பக்கத்து ஜனங்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப்போனார்கள். எனக்குக் கலவை குழைத்துக் கொடுத்த பையனுக்கு முன்பெயர் பிரெஞ்சு, குடும்பப் பெயர் ராமசாமி. தமிழ் ஒரு வார்த்தை வராது, கிரியோல்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு மாதா கோயிலுக்குப் போவான். தீமிதி வந்தால் மாமிசத்தை விட்டு, விரதம் இருந்து குண்டம் இறங்குவான். திரௌபதியம்மனுக்கு அங்கே "பாண்டியாலே" என்று பேர். நீ இந்துவா கிறிஸ்தவனா என்று நான் கேட்டதும், அவன் கரணையை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ரெண்டும்தான், அதிலே என்ன?"

அவனை ஊரார் சொல்வது "மல்பார்". துணிக்கடை வைத்திருந்த குஜராத்தி முஸ்லிம் "ஸரப்", அதாவது அரபுக்காரர். அரபு தேசத்தை அவர் கண்ணால் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். ஆப்பிரிக்க வழியினர் "காஃப்". மலைமேல் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வெள்ளைக்காரர் "யாப்", பாரிஸிலிருந்து உத்தியோகத்துக்கு வந்த வெள்ளைக்காரர் "ஸொரே". வெள்ளைக்காரரிலேயே இரண்டு சாதி! இதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்வார்கள், யாரும் கோபித்துப் பார்த்ததில்லை. ஒரு வீட்டுக்குள் அண்ணன் மல்பார், தம்பி காஃப் என்றும் கண்டேன். தம்பி அம்மா ஜாடையாம்.

ஆனால் சர்க்கார் காகிதத்தில் இதில் ஒன்றும் கிடையாது. பிரான்ஸ் கணக்கெடுப்பில் இனக் கேள்வியே இல்லை. அந்த விவரத்தைச் சேர்ப்பதற்கு 1978லிருந்து கடுமையான சட்டத் தடை. மல்பார் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கோயில் நிர்வாகியைக் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். எல்லாரும் பிரெஞ்சுக்காரர், அவ்வளவுதான் பதில். பள்ளியில் நம் பிள்ளைகள் பின்தங்குகிறார்களா என்று நிரூபிக்கக்கூடக் கணக்கு இல்லை என்று அவரே அப்புறம் குறைப்பட்டுக்கொண்டார்.

மொரீஷியஸ் நேர்மாறு. அரசியல் சட்டத்திலேயே நான்கு சமூகம் எழுதிவைத்திருக்கிறார்கள்: இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர். இந்த மூன்றிலும் சேராதவர் "பொது மக்கள்". எதைவைத்து முடிவு செய்வது? வாழும் முறையை வைத்து. தேர்தலில் நிற்பவர் தம் சமூகத்தைச் சொல்லவேண்டும், இல்லையென்றால் மனு தள்ளுபடி. தோற்றவர்களில் எட்டுப் பேர் வரைக்கும் சமூகக் கணக்குப் பார்த்து எம்.பி. பதவி தருகிறார்கள். கணக்கு எந்த வருடத்தது என்றால் 1972! அதற்குப் பிறகு கணக்கெடுப்பில் சமூகம் கேட்கவில்லை. மனு தள்ளுபடியான சிலர் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போய், 2012ல் அவர்கள் பக்கம் கருத்து வந்தது.

இதில் தமிழர் இந்துக் கட்டத்துக்குள். அது அங்குள்ள தமிழருக்குப் பிடிக்காது. நாங்கள் தமிழர், இந்து என்றால் பீகார் வழி வந்தவர்கள் என்பார்கள். 1998ல் புது ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று பெரிய கலாட்டாவாகி, நோட்டையே திரும்பப் பெற்றார்களாம். தேநீர் வேளையில் எனக்கு இதைச் சொன்னவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரல் வைத்துக் காட்டினார்.

கோவில்பட்டிக்காரி

அண்ணா, அண்ணன் மல்பார் தம்பி காஃப் என்பதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இங்கே ஒரு சொட்டுக் கறுப்பு ரத்தம் இருந்தாலும் கறுப்பர் என்று சட்டமே போட்டிருந்த மாநிலங்கள் உண்டாமே.

கிளினிக் கட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?

களப்பணி மாரி

நான் சொல்கிறேன். எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் விழுப்புரம், கடலூர் பக்கம் களப்பணியாளராக இருந்தவன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, கடற்கரை என்று சுற்றி ஆணுறை கொடுத்து, ஆளைப் பதிவேட்டில் ஏற்றுவது வேலை.

அமெரிக்கப் படிவம் "உனக்கு யார்மேல் ஈர்ப்பு" என்று கேட்கிறது. நான் பார்த்த உலகத்தில் அந்தக் கேள்வியே எழாது. பெண் தன்மையோடு நடந்துகொள்கிறவர் கோத்தி. அவரோடு போகிற ஆண் பந்தி. இரண்டு விதமாகவும் இருப்பவர் டபுள் டெக்கர். பந்திக்குத் தான் தன்பாலீர்ப்பாளர் என்ற எண்ணமே கிடையாது. "நான் ஆம்பள சார்" என்பார். கல்யாணம் ஆகியிருக்கும், பிள்ளைகள் இருக்கும். டெல்லியிலிருந்து வந்த திட்டப் படிவத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே தலைப்பு: ஆணோடு உடலுறவு கொள்ளும் ஆண்கள். நோய்க் கணக்குக்கு அது போதும். ஆனால் அந்தத் தலைப்பைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். கோத்தி என்றால் திரும்புவார், அதுவும் அவர்களுக்குள் ஒருவர் கூப்பிட்டால்தான்.

திருநங்கைகள் கதை வேறு. அவர்களுக்கு ஜமாத் என்ற கூட்டம், குரு, சேலா என்ற சீடர் என்று தனி அமைப்பு உண்டு. வருடாவருடம் கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். அரசாங்கம் அவர்களை எழுதிவைக்க முயல்வதும் இன்று நேற்றல்ல. வெள்ளைக்காரன் 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டபோது, வடக்கே இவர்களுக்கும் ஒரு பதிவேடு திறந்தான். அப்போது பெயர் ஏறினால் போலீஸ் வரும். 2008ல் தமிழ்நாட்டில் நலவாரியம் வந்த பிறகு பெயர் ஏறினால் ரேஷன் கார்டு வந்தது. 2011 கணக்கெடுப்பில் ஆண் 1, பெண் 2, மற்றவை 3 என்று போட்டார்கள்; அந்த மூன்றாவதில் நாடு முழுக்க 4.88 லட்சம் பேர்தான். சென்னையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் 2 என்று போடச் சொல்லிச் சண்டை பிடித்தார். எழுத வந்த ஆசிரியை 3 தான் என்று நின்றாராம். அவரவர் பாலினத்தை அவரவர் சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 ஏப்ரலில்.

உங்கள் மாமியாருக்கு "சொல்ல விருப்பமில்லை" என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? எங்கள் பதிவேட்டில் அது கிடையாது. சொல்ல விரும்பாதவருக்கு நாங்களே பார்த்து எழுதுவோம், ராகவன் சார் சொன்ன பள்ளிக்கூடம் மாதிரி.

கோவில்பட்டிக்காரி

அந்தப் பந்தி என்பவர் எதில் ஏறுவார்?

களப்பணி மாரி

பெரும்பாலும் எதிலும் ஏறமாட்டார். பேரைக் கேட்டால் ஊர் பேரையே மாற்றிச் சொல்வார். ஆணுறையை மட்டும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிடுவார். கொடுத்த ஆணுறைக்குக் கணக்கு உண்டு, வாங்கின ஆளுக்குக் கணக்கு இல்லை. மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துவராமல் அலுவலகத்தில் திட்டு வாங்குவது நான்.