1990 எம்எக்ஸ்-5 வண்டிக்குப் பழைய கோல்ஃப் சக்கரங்கள் பொருந்துமா?

பழையதேர் கேட்டது:

வணக்கம். இங்கிலாந்தில் வசிக்கும் என்னிடம் 1990ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் வண்டி இருக்கிறது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு பல ஆண்டுகளாகத் தின்றதில், வண்டியோடு வந்த ஏழு ஆரக்கால் அலாய் சக்கரங்களில் இரண்டு, டயர் உட்காரும் விளிம்பில் அரித்துப்போய்விட்டன. வாரம் தவறாமல் காற்று அடிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து ஊரில் ஒருவர் பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் இருந்து கழற்றிய நான்கு சக்கரங்களை மலிவாகத் தருகிறார். அவற்றின் பின்புறம் 6.5 ஜே × 15 (அகலம் 6.5, விட்டம் 15 அங்குலம்), இ.டி. 43 என்று பொறித்திருக்கிறது. நான்கு துளைகள், பி.சி.டி. (துளைகளின் நடுவழியே போகும் வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ., நடுத்துளை 57.1 மி.மீ. என் சக்கரம் 5.5 ஜே × 14, இ.டி. 45, அதே நான்கு துளை 100, நடுத்துளை 54.1. இவற்றை வாங்கலாமா? மட்கார்டில் உரசுமா?

அளவுகோல் எழுதியது:

உரசுமா என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். இ.டி. என்பது, சக்கரத்தின் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் (வண்டியில் சக்கரத்தை மாட்டும் பாகம்) ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதுதான். 5.5 அங்குலத்தில் பாதி ஏறத்தாழ 70 மி.மீ.; அதில் 45ஐக் கழித்தால் உங்கள் சக்கரம் ஹப்பின் முகத்திலிருந்து 25 மி.மீ. வெளியே நிற்கிறது, கூட்டினால் 115 மி.மீ. உள்ளே போகிறது. புதியதில் பாதி அகலம் 82.5, எனவே வெளியே 39.5, உள்ளே 125.5. அதாவது வெளிப்பக்கம் சுமார் 15 மி.மீ., உட்பக்கம் சுமார் 11 மி.மீ. கூடுகிறது. வண்டியைத் தாழ்த்தியிருக்கவில்லை என்றால் இந்த அளவுக்கு இடம் தாராளமாக இருக்கும்.

டயரை 195/50 ஆர்15 (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 50 சதவீதம், 15 அங்குலச் சக்கரம்) என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மொத்த விட்டம் 576 மி.மீ.; உங்கள் 185/60 ஆர்14 டயருக்கு 577.6. வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லாததால் வேகமானி மாறாது. நடுத்துளை பெரிதாக இருப்பதற்கு 57.1–54.1 வளையம் போட்டுக்கொள்ளலாம்.

திருகுமறை எழுதியது:

மேலே நண்பர் போட்ட கணக்கு முழுக்கச் சரி. ஆனாலும் இந்தச் சக்கரங்களை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன், ஏனென்றால் சிக்கல் பொறித்திருக்கும் எண்களில் இல்லை. நட் உட்காரும் குழியில் இருக்கிறது. மாஸ்டாவின் நட் 60 பாகைக் கூம்பு. ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே செய்து கொடுத்த சக்கரங்களின் குழியோ பந்தை அழுத்தி எடுத்ததுபோல் உருண்டையாக இருக்கும். உருண்டைக் குழியில் கூம்பு நட்டை இறுக்கினால் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் சொன்ன அளவு காட்டும், கையால் அசைத்தாலும் ஆடாது. ஆனால் உலோகம் உலோகத்தைத் தொடுவது ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான். ஓட ஓட அந்தக் கோட்டில் அலுமினியம் நசுங்கி, நட் தளர்ந்துவிடும்.

என் பேச்சை நம்ப வேண்டியதில்லை. விற்பவரிடம் அனுமதி கேட்டு, உங்கள் நட் ஒன்றின் கூம்பில் மார்க்கர் மையைப் பூசி, ஈரம் காயுமுன் குழிக்குள் வைத்து அழுத்தித் திருப்பி எடுத்துப் பாருங்கள்.

பழையதேர் எழுதியது:

நேற்றுப் போய்ப் பார்த்தேன். ஒரு நட்டுக்கு நீல மை பூசி நான்கு துளைகளிலும் வைத்துத் திருப்பினேன். ஒவ்வொரு குழியிலும் நூல் தடிமனுக்கு ஒரு நீல வளையம் மட்டுமே விழுந்தது; அதன் மேலும் கீழும் அலுமினியம் பளபளவென்று சுத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்து என் பழைய சக்கரத்தில் செய்தபோது கூம்பு முழுவதும் மை பதிந்தது. நேரில் பார்த்திராவிட்டால் பணத்தைக் கொடுத்திருப்பேன், மிக்க நன்றி. ஒரு கேள்வி: ஹோண்டாவின் நட் உருண்டையானது, அதன் திருகுமறையும் என் நட்டைப் போலவே எம்12 × 1.5 தான் என்கிறார்கள். அதைப் போட்டு இந்தச் சக்கரங்களையே பயன்படுத்த வழியுண்டா?

திருகுமறை எழுதியது:

மறை ஒன்றுதான், உருண்டை வேறு. ஹோண்டாவினுடையது 12 மி.மீ. ஆரம், ஃபோக்ஸ்வாகனுடையது 13. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு மி.மீ. உங்களை மறுபடியும் மெல்லிய கோட்டிலேயே கொண்டுவந்து நிறுத்தும்.

கூம்புக் குழியுள்ள 7 ஜே × 15, இ.டி. 35 முதல் 38 வரையிலான சக்கரங்கள் உங்கள் வண்டிக்கென்றே நிறையக் கிடைக்கின்றன. பழையதாக வாங்குவதானால் எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு நீங்களே அளந்துகொள்ளுங்கள். சில ஃபியட் வண்டிகளின் சக்கரம் 98 மி.மீ.; நட்டை இறுக்கினால் அது 100க்கும் ஏறி உட்கார்ந்துவிடும், ஆனால் ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டு நட்டை ஏற்கும் திருகுத் தண்டு) வளைந்தபடியே நிற்கும்.

அளவுகோல் எழுதியது:

நட்டின் குழியை நான் கேட்காமல் விட்டது என் தவறு. எண்கள் பொருந்தியதும் அங்கேயே நின்றுவிட்டேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். புதிய சக்கரத்தை மாட்டுமுன் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் வெள்ளையாகும்வரை தேய்த்துவிடுங்கள். உப்புச் சாலையில் ஓடிய வண்டியில் அங்கே துரு ஏடாகப் படிந்திருக்கும். அதன்மேல் இறுக்கினால் சக்கரம் சாய்ந்தே உட்காரும், எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் ஸ்டீயரிங் நடுங்கும். குறுக்குவாட்டில் 110 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, 80 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடியும் ரெஞ்சை வைத்துப் பாருங்கள்.